38 வயதில் வேலையை விட்டுச் சட்டம் படிக்கலாமா?

கேள்வி:

எனக்கு 38 வயது. பி.காம். முடித்து, ஈரோட்டில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போக மாதம் 42,000 ரூபாய் கைக்கு வருகிறது. கணவர் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வருமானம் ஒரே சீராக இருக்காது. சராசரியாக 28,000 வரும். வீட்டுச் செலவு 38,000, அது போக வீட்டுக் கடன் தவணை 16,000. கடனில் இன்னும் 5,80,000 பாக்கி. வங்கியில் 2 லட்சம் டெபாசிட், பிஎஃப் கணக்கில் சுமார் 6 லட்சம் இருக்கிறது. மகள் எட்டாம் வகுப்பு. மாமியார் எங்களுடன் இருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு.

என் அப்பாவின் வண்டிப்பாதை வழக்கு முன்சிப் கோர்ட்டில் தொடங்கி அப்பீல்களோடு 17 வருடம் நடந்தது. கடைசித் தீர்ப்பு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். பள்ளிக்கூட நாட்களில் அவருடன் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதே வக்கீலாக வேண்டும் என்று நினைத்தேன். அப்போது வீட்டில் வசதியில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டு மூன்று வருடச் சட்டப் படிப்பில் சேரலாமா? கணவர் "உன் இஷ்டம்" என்கிறார் (துபாய்க்குப் போகக் கிடைத்த வாய்ப்பை என் மாமனாரின் நோய்க்காக விட்டுக்கொடுத்தவர் அவர்). மாமியாருக்குப் பிடிக்கவில்லை. உறவினர் ஒருவர், வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரியில் பணம் கட்டினால் வகுப்புக்குப் போகாமலே பட்டம் வாங்கிவிடலாம், வேலையும் போகாது என்கிறார். பிறகு நீதிபதித் தேர்வு எழுதவும் ஆசை இருக்கிறது. நான் என் குடும்பத்துக்குத் துரோகம் செய்கிறேனா?

- வாசகி, ஈரோடு

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உறவினர் காட்டும் வழியை முதலில் பேசிவிடலாம்; அதற்கு முன்பணம் கொடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கக்கூடும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வகுப்பில் உட்கார்ந்து படித்த சட்டப் பட்டத்தை மட்டுமே, வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சில் பதிவுக்கு ஏற்கும். தபால் வழியில் வாங்கிய எல்எல்.பி. இந்தத் தொழிலுக்குச் செல்லாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதி. 2024 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை இன்னும் கண்டிப்பானது. படிக்கும் காலத்தில் வேலையில் இருந்தீர்களா, வருகை விதியை நிறைவு செய்தீர்களா என்று மாணவரே எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரிகளில் விரல்ரேகைப் பதிவும் கேமராவும் இருக்க வேண்டும் என்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு வருகைப் பதிவேட்டைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் கல்லூரிகளைப் பற்றி வக்கீல்களான எங்கள் வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. 'லெட்டர் பேட் கல்லூரி' என்று பெயரே வைத்திருக்கிறோம். அங்கே பட்டம் வாங்கிக் கறுப்பு அங்கி போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கணக்குத் தெரிந்த உங்களுக்கு ஒன்றைச் சொன்னால் உடனே புரியும். கல்லூரிப் பதிவேட்டில் நீங்கள் வகுப்பில் இருந்ததாகக் காட்டிய அதே செவ்வாய்க்கிழமை, ஆலையில் உங்கள் விரல்ரேகை பதிந்திருக்கும். மாதாமாதம் பிஎஃப் சந்தா ஏறியிருக்கும். வருமான வரிக்காக ஆலை தரும் படிவம் 16-இல் முழு ஆண்டுச் சம்பளமும் இருக்கும். பத்து வருடம் கழித்து நீங்கள் ஒரு வழக்கில் ஜெயித்தால், தோற்றவர் தேடி எடுக்கப்போவது இந்தத் தாள்களைத்தான். முக்கியமான உண்மையைத் திரித்துச் சொல்லிப் பதிவு பெற்றவரின் பெயரை நீக்க 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. பொய் உறுதிமொழி கொடுத்ததற்கான வில்லங்கம் தனி. எதிராளியின் சாட்சியைக் கூண்டில் ஏற்றி "நீங்கள் சொல்வது பொய்" என்று கேட்டுப் பிழைக்கப்போகிறவருக்கு இப்படி ஒரு தொடக்கம் வேண்டாம்.

நீதிபதித் தேர்வு ஆசையை மடித்து வைத்துவிடுங்கள். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருடமாவது வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நாளைக்கே கல்லூரியில் சேர்ந்தாலும் பட்டம் வாங்கும்போது 41, தகுதி வரும்போது 44. வயது வரம்பு அதற்குள் முடிந்துவிடும். வருத்தமான செய்திதான், ஆனால் கிடைக்காத ஒன்றையும் கணக்கில் சேர்த்து வேலையை விட்டால் பின்னால் கசப்பு அதிகம்.

இனி முக்கியக் கேள்வி. வேலையை விடலாமா? விடலாம். இந்த ஜூனில் வேண்டாம். அடுத்த ஜூனில் விடுங்கள்.

ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்வது உங்கள் துணிச்சலைச் சோதிக்க அன்று. உங்கள் பயம் முழுவதும் கல்லூரியின் மூன்று வருடங்களைப் பற்றியதாக இருக்கிறது. கல்லூரிக் காலம் சமாளிக்கக்கூடியது. அரசுச் சட்டக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் உங்கள் ஒரு மாத வீட்டுத் தவணையைவிடக் குறைவு. ஈரோட்டிலிருந்து கோவை, சேலம், நாமக்கல் மூன்று ஊர் அரசுக் கல்லூரிகளுக்கும் தினமும் போய்வரலாம். சேர்க்கையைத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, பட்டப் படிப்பு மதிப்பெண்தான் கணக்கு. மூன்று வருடப் படிப்புக்கு மேல் வயது வரம்பும் இல்லை. போட்டி கடுமையாக இருக்கும், உங்கள் பி.காம். மதிப்பெண்ணை எழுதாமல் விட்டுவிட்டீர்கள், அது முக்கியம். இடம் கிடைத்துவிட்டால் காலையில் ரயிலேறி மாலையில் வீடு திரும்பும் வாழ்க்கை. ஆலை வாழ்க்கையைவிட அது இலகுவாகவே இருக்கும்.

கஷ்டம் பட்டம் வாங்கிய மறுநாள் தொடங்குகிறது. ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்வீர்கள். காலை எட்டரை மணிக்கு அவர் அலுவலகத்தில் அன்றைய கேஸ் கட்டுகளை எடுத்து அடுக்க வேண்டும். பத்தரைக்குக் கோர்ட். சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கும்போது உங்கள் வழக்கைக் கூப்பிட்டால் ஓடிப்போய் நின்று பாஸ்ஓவர் (சற்று நேரம் கழித்துக் கூப்பிடச் சொல்வது) கேட்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்தா வாங்க வேண்டும். நடுவில் நகல் மனு, கோர்ட் ஃபீஸ், ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது. மாலை ஆறு மணிக்கு மறுபடி அலுவலகம். கட்சிக்காரர்கள் வேலை முடிந்து வருவது அப்போதுதான். பிராது, அதாவது வழக்குத் தொடுக்கும் மனு, எழுதக் கற்றுக்கொள்வதும் அப்போதுதான். வீடு திரும்ப ஒன்பது ஆகும். ஒரு வீட்டில் தாய் தேடப்படும் நேரமும் அந்த ஆறிலிருந்து ஒன்பதுதான். சட்டம் படிக்க வேண்டாம் என்று சொல்லாத குடும்பங்கள்கூட இந்த மூன்று மணி நேரத்தில் சண்டைக்கு வந்துவிடுகின்றன. சுறுசுறுப்பான பெண் ஜூனியர்கள் இரண்டாம் வருடத்தில் காணாமல் போவதற்கு நான் பார்த்தவரை திறமைக் குறைவு காரணமாக இருந்ததே இல்லை.

இதற்கெல்லாம் சம்பளம்? சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று அறிவுறுத்தியது. மாவட்டக் கோர்ட் அலுவலகங்கள் பலவற்றில் இன்னும் பெட்ரோல் செலவுக்குக் கொடுப்பதுதான் சம்பளம். என் தொழில் நண்பர்கள் இதைப் படித்துக் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். நீங்கள் மாதம் 8,000 என்று போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வந்தால் லாபம்.

அந்த வருடங்களில் வேறு சம்பள வேலை பார்த்துச் சமாளிக்கவும் முடியாது. பதிவு செய்த வக்கீல் எங்கேயும் முழு நேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. படிக்கும்போது மட்டும் மாலை நேரத்தில் நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கலாம். அதையும் கல்லூரியில் சேரும்போது எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நீங்கள் கொடுத்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். என்னைவிட நீங்கள் நன்றாகப் போடுவீர்கள். தவறு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இந்த ஜூனில் வேலையை விட்டால் வீட்டுக்கு வரவு 28,000, செலவும் தவணையும் சேர்ந்து 54,000. மாதம் 26,000 துண்டு விழுகிறது. கையில் டெபாசிட் 2 லட்சம். கிராஜுவிட்டி (விலகும்போது ஆலை தரும் பணிக்கொடை), அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 22,000 என்று வைத்துக்கொண்டால், 15-ஐ 26-ஆல் வகுத்து 14 வருடத்தால் பெருக்க, சுமார் 1,77,000. இரண்டும் சேர்ந்த தொகை பதினைந்தாவது மாதம் தீர்ந்துவிடும். அப்போது நீங்கள் இரண்டாம் ஆண்டில் கால் வைத்திருப்பீர்கள். அங்கேதான் நகை அடகுக்குப் போகும், பிஎஃப் கரையும், "அன்றைக்கே சொன்னேனே" என்ற பேச்சு எழும்.

இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்தால் கதை வேறு. இப்போது இருவர் வருமானம் 70,000. தவணை போக மாதம் 16,000 மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே உங்கள் முதல் வேலை. அது வருடத்துக்கு 1,92,000. கிராஜுவிட்டி 1,90,000 ஆகியிருக்கும். டெபாசிட்டோடு சேர்த்தால் 5,82,000. கடன் பாக்கி, 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 4,35,000-க்கு இறங்கியிருக்கும். வட்டி மாறும் வகை வீட்டுக் கடனாக இருந்தால் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. மொத்தமாக அடைத்துவிடுங்கள். கையில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும், மாதத் துண்டு 10,000-ஆகச் சுருங்கும், அதில் பெரும்பகுதியைக் கடைக் கணக்கு எழுதி ஈடுகட்டலாம். பிஎஃப் ஆறு லட்சத்தில் கை வைக்காமலே பட்டம் வாங்கிவிடலாம்.

அந்த ஆறு லட்சத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அடுத்த வருடம் நீங்கள் சேரும்போது மகள் பத்தாம் வகுப்புக்குப் போவாள். அவள் பிளஸ் டூ முடிக்கும் கோடையில் நீங்களும் சட்டப் படிப்பை முடிப்பீர்கள். அவளுடைய கல்லூரி முதல் வருடமும் உங்கள் ஜூனியர் முதல் வருடமும் ஒன்றாக வரும். உங்கள் திட்டத்தில் பலவீனமான இடம் அதுதான். இந்த வருடமே சேர்ந்தாலும் அந்த மோதல் உங்கள் ஜூனியர் இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிப்போகுமே தவிர, தீராது. கூடவே அவளுடைய பிளஸ் டூவும் உங்கள் ஜூனியர் முதல் வருடத்தில் வந்து விழும், வீட்டுக் கடனும் உயிரோடு இருக்கும். மகளுக்கு இப்போதே புரியும்படி சொல்லுங்கள்: கல்லூரிக்குப் பணம் இருக்கும், ஆனால் இவ்வளவுதான் இருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தொகையைக் கேட்டுத் திட்டமிடும் புத்தி உண்டு. பிளஸ் டூ முடித்த பிறகு திடீரென்று சொன்னால்தான் அது துரோகமாகப் படும்.

வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உள்ளன. ஆலையின் குழு மருத்துவக் காப்பீடு நீங்கள் விலகும் நாளோடு போய்விடும். குடும்பத்துக்கு ஒரு பாலிசியை இந்த மாதமே எடுங்கள், மாமியாரின் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அந்தக் கடிகாரம் நீங்கள் சம்பளம் வாங்கும்போதே ஓடத் தொடங்கட்டும். பிஎஃப்பில் ஓய்வூதியப் பகுதியைத் தொடாதீர்கள். பத்து வருடச் சேவை தாண்டிவிட்டதால் 58 வயதில் சிறிய அளவிலாவது ஓய்வூதியம் வரும், வக்கீலுக்கு வேறு எங்கிருந்தும் வராது. கிராஜுவிட்டியை விலகிய 30 நாளுக்குள் நிர்வாகம் கொடுக்க வேண்டும். தொழிலாளர் வழக்குகளில் அடிக்கடி பார்க்கிறேன்: கணக்குப் பிரிவில் இருந்தவர்களே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுக்காமல், வாய்ப் பேச்சை நம்பி ஏமாறுகிறார்கள். படிவத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்த விஷயம்.

அப்பாவின் வழக்கைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 14 வருட உழைப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். கணவர் துபாய் வாய்ப்பை விட்டது மட்டும் இரண்டு வளைவுகளுக்கு நடுவில் கிடக்கிறது. மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள். கல்லூரி மூன்று, ஜூனியர் மூன்று, ஆக ஆறு வருடம் அந்த வீட்டின் அடுப்பு எரியப்போவது ரீவைண்டிங் பட்டறையின் வருமானத்தில். ஏற்கெனவே ஒரு முறை வீட்டுக்காகத் தன் ஆசையை விட்டவர், இரண்டாம் முறையும் தோள் கொடுக்கப்போகிறார். அவரிடமிருந்து "உன் இஷ்டம்" என்ற இரண்டு சொற்களோடு நீங்கள் திருப்தியடையக் கூடாது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். மறுப்பு என்றும் எடுத்துக்கொள்ள மாட்டேன். கேள்வி சரியாகக் கேட்கப்படாதபோது மனிதர்கள் சொல்லும் பதில் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கைத் தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். படிக்கட்டுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, பட்டறையைப் பற்றிக் கேளுங்கள். கோடையில் கிணற்று மோட்டார்கள் குவியும், மழைக்காலத்தில் ஆள் வராது. அந்த மந்த மாதங்களில் வீடு எப்படி ஓடும்? காயில் சுற்றிச் சுற்றி அவருக்குத் தோளும் கண்ணும் எப்படி இருக்கின்றன? உங்களுக்குச் சொல்லாத கைமாற்றுக் கடன் ஏதாவது இருக்கிறதா? ஒரே வருமானத்தில் நிற்கப்போகும் குடும்பத்தில் அந்த ஒருவருக்கு டெர்ம் இன்சூரன்ஸும் விபத்துக் காப்பீடும் இல்லாமல் ராஜினாமாக் கடிதம் எழுதவே கூடாது. பிறகு, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இடம் மாற்றிப் பெரிய பட்டறையா, ஒரு புதிய இயந்திரமா, அல்லது ஒன்றும் வேண்டாம், வாரத்தில் ஒரு நாள் கடையை மூடிவிட்டுத் தூங்க வேண்டுமா? ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் முறை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கனவுக்கு வீட்டில் ஒருவர் விலை கொடுக்கிறார் என்றால், அவர் எதிர்பார்ப்பது என்ன என்று தெரிந்துவைத்திருப்பது குறைந்தபட்ச மரியாதை.

மாமியாரின் மனத்தை மாற்ற நேரத்தைச் செலவிடாதீர்கள். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை வீட்டில் இருக்கப்போகும் பெரியவர் அவர்தான். உங்கள் கனவு அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பேத்திக்குச் சாப்பாடு போடுவது பிடித்தால் போதும். உதவி கேட்டால் பெரியவர்கள் பல நேரம் இறங்கி வருகிறார்கள், விளக்கம் சொன்னால் முறுக்கிக்கொள்கிறார்கள்.

அப்பாவின் வழக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், சற்றுக் கடுமையாகவே. வராந்தாவில் உட்கார்ந்து பார்த்த கோர்ட்டும் உள்ளே நின்று பார்க்கும் கோர்ட்டும் வேறு வேறு. அப்பாவுக்கு அநியாயம் நடந்தது என்ற கோபம் உங்களைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோகும். அதற்கு மேல் அது உதவாது. உங்கள் அலுவலகப் படியேறும் முதல் கட்சிக்காரர், பக்கத்துக் காட்டுக்காரரின் வண்டிப்பாதையை மறித்து வேலி போட்டவராகவே இருக்கலாம். சரியான கட்டணம் கொடுக்க முன்வரும் கட்சிக்காரரின் வழக்கை, தக்க காரணமில்லாமல் மறுக்கக் கூடாது என்பது எங்கள் நடத்தை விதி. அவருக்காக, கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் அமீனாவின் பின்னாலும் இடத்தைப் பார்வையிடக் கோர்ட் அனுப்பும் கமிஷனரின் பின்னாலும் காட்டு வரப்பில் நடக்க உங்களால் முடியுமா? எதிர்த்தரப்பில் உங்கள் அப்பா வயதுக்காரர் ஒருவர் பழைய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா? முடியாது என்று தோன்றினால் தவறில்லை. நீதி கிடைக்க உதவ வேறு வழிகள் இருக்கின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பயிற்சி கொடுத்துச் சட்டத் தன்னார்வலர்களை வைத்திருக்கிறது, அதற்கு வேலையை விட வேண்டியதே இல்லை.

ஆகவே இந்த ஒரு வருடத்தில் விடுப்பைச் சேர்த்து எடுத்து, தொடர்ந்து இரண்டு வாரம் கோர்ட்டில் போய் உட்காருங்கள். நீதிமன்றம் திறந்த அரங்கு. ஓரத்தில் அமைதியாக உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு வாரம் முன்சிப் கோர்ட், ஒரு வாரம் மாஜிஸ்திரேட் கோர்ட். முக்கால்வாசி நேரம் எதுவும் நடக்காது. பெயர் கூப்பிடுவார்கள், தேதி கொடுப்பார்கள், அடுத்த பெயர். அந்தச் சலிப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் உங்களுக்கு அங்கேயே இருக்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். இந்தத் தொழிலுக்கு என்னிடம் இருக்கும் ஒரே நுழைவுத் தேர்வு இது.

38 வயதாகிவிட்டதே என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். 2024 ஜூலை 1-ஆம் தேதி இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அன்றே மாறின. மோசடிக்கு 420 என்று உறக்கத்திலும் சொல்லக்கூடிய என் வயதுக்காரர்கள் 318(4) என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம். அந்த வகையில் உங்களைவிட மூத்த ஜூனியர்கள் பாரில் நிறையப் பேர் இருக்கிறோம்.

உங்களிடம் வயதோடு சேர்ந்து வந்திருப்பதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஈரோட்டு ஜவுளி வியாபாரம் கடனில் ஓடுகிறது, செக்கில் முடிகிறது, பல நேரம் செக் திரும்புவதில் முடிகிறது. வங்கியிலிருந்து ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் 15 நாள் அவகாசம், அது தீர்ந்த ஒரு மாதத்துக்குள் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின் இந்தக் கால வரிசையை ஆலைக்காக நீங்களே எத்தனையோ முறை பின்பற்றியிருப்பீர்கள். ஒரு லெட்ஜரைப் பார்த்தவுடன் எந்தப் பதிவு பின்னால் செருகப்பட்டது என்று உங்களால் சொல்ல முடியும். 24 வயது ஜூனியருக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஐந்து வருடம் ஆகும். ஜிஎஸ்டி அதிகாரிகள் முன்பு வக்கீல் ஆஜராகலாம்; அவர்கள் அனுப்பும் நோட்டீஸைப் பார்த்துப் பயப்படாத வக்கீல்கள் மாவட்டப் பாரில் குறைவு. சீனியர் தேடும்போது குற்ற வழக்கில் பெயர் பெற்றவரைத் தேடாமல், வணிக வழக்கும் வரி வழக்கும் பார்ப்பவரிடம் போங்கள். அவருக்கு நீங்கள் முதல் மாதத்திலிருந்தே பயன்படுவீர்கள். பயன்படுகிற ஜூனியருக்கு 8,000-க்கு மேல் கொடுக்க அவருக்கும் மனம் வரும். தமிழ் வழியில் படித்தவர் என்றால் அதையும் குறையாக நினைக்க வேண்டாம். மாவட்டக் கோர்ட்டுகளில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது, பிராதும் தமிழில் எழுதலாம்.

பதிவுக் கட்டணத்துக்குப் பெரிய தொகை ஒதுக்க வேண்டியதில்லை. முன்பு மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்துவிட்டது. பதிவுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். நூறு கேள்வி, குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். உங்களுக்கு அது பெரிய தடையாக இருக்காது.

கடைசியாக, இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் எடுத்துப் பெயரையும் இனிஷியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திருமணத்துக்குப் பின் ஆதாரில் கணவரின் இனிஷியலுக்கு மாறியிருந்தால், கல்லூரிச் சேர்க்கையிலும் பின்னர் பார் கவுன்சில் பதிவிலும் அலைச்சல் வரும். கல்விச் சான்றிதழ்களை மாற்றுவதைவிட ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்றபடி திருத்துவது எளிது. கணவரின் பெயரோடுதான் தொழில் செய்ய விருப்பம் என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அதற்கும் சில மாதங்கள் பிடிக்கலாம், இப்போதே விண்ணப்பியுங்கள். ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் கையில் இல்லாவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு கேட்டால் கடைசித் தேதிக்குள் வந்து சேராது.